மே மாதம் மொரீசியஸ்: அம்மாவும் இரண்டு பிள்ளைகளும் கூட வருகிறார்கள், எந்தக் கரை, வெளியே எங்கெல்லாம்?

மலைக்கோட்டை77:

எல்லோருக்கும் வணக்கம். மே இரண்டாம் பாதியில் மொரீசியஸ் என்று வீட்டில் முடிவாகிவிட்டது. நான், மனைவி, 9 வயது மகன், 5 வயது மகள், அப்புறம் என் அம்மா. அம்மாவுக்கு 68 வயது, முட்டி வலி உண்டு, சுத்த சைவம், முட்டை வாசனை வந்தாலே தட்டைத் தள்ளிவிடுவார். மகனைக் கடலிலிருந்து வெளியே இழுப்பதே பெரும்பாடு, மகளுக்கு மணலும் ஒரு வாளியும் இருந்தால் போதும்.

மாலத்தீவும் யோசித்தோம். ஆனால் தண்ணீருக்கு நடுவே ஒரு மர வீட்டில் அம்மாவை உட்காரவைத்துவிட்டு நாங்கள் மட்டும் குதித்துக்கொண்டிருக்க முடியாது. இறங்கி நடக்க ஒரு ஊர் வேண்டும், கோயில் வேண்டும், சந்தை வேண்டும்.

ஏஜென்ட் கிழக்குக் கரையில் பெல் மார் பக்கம் ஒரு ரிசார்ட்டைக் காட்டுகிறார். சாப்பாடு, குடி எல்லாம் சேர்ந்த ஆல் இன்க்ளூசிவ். கூடவே வடக்கு டூர், தெற்கு டூர், இல் ஓ செர்ஃப் தீவு டூர் என்று மூன்றைக் கட்டிக் கொடுக்கிறார். கிழக்குக் கரை சரியா? சாப்பாட்டுத் திட்டம் எது எடுக்கலாம்? டூர்களை இங்கேயே வாங்கிவிட வேண்டுமா? போய் வந்தவர்கள் கொஞ்சம் சொல்லுங்கள்.

முன்னாள்_எபென்:

அங்கே எபென் சைபர்சிட்டியில் சில வருடம் வேலை பார்த்தவன் என்ற முறையில் சொல்கிறேன், முதலில் கரையை முடிவு செய்யுங்கள், ரிசார்ட்டின் பெயர் அப்புறம்.

அந்தத் தீவுக்குக் காற்று தென்கிழக்கிலிருந்து வரும். ஜூன் முதல் செப்டம்பர் வரை அவர்களுடைய குளிர்காலம், அப்போது கிழக்கிலும் தெற்கிலும் காற்று விடாமல் அடிக்கும், மேற்கும் வடமேற்கும் மலைக்கு மறைவில் இருப்பதால் அமைதியாக இருக்கும். மே மாதம் இரண்டுக்கும் நடுவே. புயல் சீசன் ஓய்ந்திருக்கும், தண்ணீர் இன்னும் குளிர்ந்திருக்காது, ஆனால் காற்று தொடங்கிவிட வாய்ப்பு உண்டு. பெல் மார் மணலைப் போல அழகான மணல் தீவில் குறைவுதான், அதில் சந்தேகமே இல்லை. ஆனாலும் 5 வயதுக் குழந்தையும் வயதானவரும் வருகிறார்கள் என்றால் நான் மேற்கே ஃபிளிக் அன் ஃபிளாக், வோல்மார் பக்கமோ, வடமேற்கே த்ரூ ஓ பிஷ், மோன் ஷுவாஸி பக்கமோதான் தேடுவேன். சூரியன் கடலில் இறங்குவதும் அங்கேதான் தெரியும்.

இன்னொன்று, அந்த மாதத்தில் மாலை ஐந்தே முக்காலுக்குள் சூரியன் மறைந்துவிடும். நம் ஊர் கணக்கில் "ஆறரை வரை வெளிச்சம் இருக்கும்" என்று திட்டம் போட்டால் பாதி இடம் பார்க்காமலே திரும்புவீர்கள். காலை ஏழரைக்குக் கிளம்பி மூன்றரை மணிக்குக் கடலுக்குத் திரும்பிவிடுவது நல்லது. நம்மைவிட ஒன்றரை மணி நேரம் பின்னே இருக்கும் ஊர், பிள்ளைகள் எப்படியும் விடிவதற்கு முன்பே எழுந்துவிடுவார்கள்.

தீவைச் சுற்றிப் பெரும்பகுதிக்குப் பவளப் பாறை அரண் இருக்கிறது. அலை அங்கேயே உடைந்துவிடும், உள்ளே நீர் ஆழமில்லாமல் நிற்கும். தெற்கே கிரி கிரி பக்கம் மட்டும் அந்த அரண் இல்லை. பார்க்க அற்புதமான இடம், கால் நனைக்கக்கூடாத இடம். அமைதியான கடலிலும் முள்ளெலிபோல் முள்ளோடு கடல் முள்ளிகள் கிடக்கும், அதனால் ஐந்து பேருக்கும் ரப்பர் அடி வைத்த நீர்ச் செருப்பு இங்கேயே வாங்கிக்கொள்ளுங்கள். ரிசார்ட் கடையில் விலையைக் கேட்டால் வெறுங்காலோடு இறங்கத் தோன்றும்.

கோவைக்காரி:

ஆல் இன்க்ளூசிவ் பற்றி நான் சொல்கிறேன். அந்தத் திட்டத்தின் விலையில் பெரிய பங்கு மதுவுக்குப் போகிறது. வீட்டில் யாரும் குடிப்பதில்லை என்றால் யாரோ குடிப்பதற்கு நீங்கள் காசு கட்டுகிறீர்கள். காலையும் இரவும் சாப்பாடு சேர்ந்த ஹாஃப் போர்டு எடுங்கள். மதியம் வெளியே சாப்பிட்டாக வேண்டும் என்ற கட்டாயம் இருந்தால்தான் குடும்பம் ரிசார்ட்டை விட்டுக் கிளம்பும். மூன்று வேளையும் கட்டிவிட்டால் "காசு கொடுத்தாச்சே, சாப்பிட்டுவிட்டுப் போகலாம்" என்று மதியம் இரண்டு மணி வரை யாரும் நகர மாட்டார்கள். எங்கள் வீட்டு மனிதரை எனக்குத் தெரியும்.

சவுக்குத்தோப்பு:

கோவைக்காரி அக்கா சொல்வது ஊருக்குள் இருக்கும் ரிசார்ட்டுக்குச் சரி. லெ மோர்ன் மாதிரி இடத்தில், கேட்டைத் தாண்டினால் கரும்புத் தோட்டமும் மலையும்தான் என்ற நிலையில், அந்தக் கணக்கு உதைக்கும். இரண்டு பிள்ளைகள் மணிக்கொரு தடவை ஜூஸ், ஐஸ்கிரீம், பொரித்த உருளைக்கிழங்கு என்று கேட்பார்கள், ஒவ்வொன்றுக்கும் ரூம் நம்பர் எழுதிக் கையெழுத்துப் போட்டுவிட்டு கடைசி நாள் பில்லைப் பார்த்தால் நெஞ்சு அடைக்கும். ஆகவே திட்டத்தைப் பார்க்கும் முன் வரைபடத்தைப் பாருங்கள். பத்து நிமிட நடையில் மளிகைக் கடையும் தள்ளுவண்டியும் இருக்கிறதா? இருந்தால் ஹாஃப் போர்டு. ஃபிளிக் அன் ஃபிளாக்கில் இருக்கும், த்ரூ ஓ பிஷ்ஷிலும் ஓரளவு இருக்கும்.

அப்புறம் ஒரு விஷயம். மொரீசியஸில் கடற்கரை யாருக்கும் சொந்தமில்லை. எவ்வளவு பெரிய ஐந்து நட்சத்திர ஓட்டலின் முன்னாலும் மணலில் யார் வேண்டுமானாலும் நடக்கலாம். அதனால் "தனிக் கடற்கரை" என்று ஏஜென்ட் சொன்னால் சிரித்துக்கொண்டே கேளுங்கள், அதற்காகக் கூடுதல் காசு கொடுக்காதீர்கள்.

தயிர்சாதம்:

சைவத்துக்கு நான் ஆஜர். அம்மாவுக்கு ஒன்றும் பயம் வேண்டாம், தெருவில்தான் நல்ல சைவம் கிடைக்கும், ரிசார்ட் பஃபேயில் இல்லை.

தால் பூரி என்று ஒன்று. கடலைப்பருப்பை வேகவைத்து மஞ்சளோடு அரைத்து மாவுக்குள் வைத்து மெல்லிசாகத் தேய்த்துச் சுடுவார்கள். எப்போதும் இரண்டாகத்தான் தருவார்கள். கடைக்காரர் ஒன்றின் மேல் ஒன்றை விரித்து, பெரிய வெள்ளை மொச்சைக் குழம்பை ஒரு கரண்டி, தக்காளி ருகாயை ஒரு கரண்டி, கொத்தமல்லிச் சட்னி ஒரு தீற்று, மிளகாய் வேண்டுமா என்று கண்ணாலேயே கேட்டு, உருட்டி, தாளில் சுற்றி நீட்டுவதற்குள் அடுத்தவர் காசை எடுத்துவிடுவார். சாதாரணமாக முட்டை, நெய் எதுவும் சேராது. அடுத்தது கத்தோ பிமான். ஊறவைத்த பருப்பும் பச்சை மிளகாயும் வெங்காயத்தாளும் சேர்த்துப் பொரிப்பது, நம்ம பருப்பு வடைதான், அளவு மட்டும் சின்னது. அங்கே அதை ரொட்டிக்குள் வைத்து வெண்ணெய் தடவிக் காலைச் சாப்பாடாகவே சாப்பிடுகிறார்கள்.

தலைநகர் போர்ட் லூயி சந்தையில் அலூடா என்ற பானம் வாங்கிக் கொடுங்கள். குளிர்ந்த பால், சப்ஜா விதை, கடல்பாசித் துண்டுகள், எசன்ஸ். முட்டி வலி மறந்துவிடும்.

கவனிக்க வேண்டியது சீனச் சாப்பாட்டை. மீன் ஃப்ரி என்று ஒரு வறுத்த நூடுல்ஸ் எங்கும் கிடைக்கும், காய்கறி மட்டும் என்று கேட்டாலும் முட்டையோ சிப்பி சாஸோ சேர்ந்திருக்கலாம். "மீன்" என்ற பெயரைக் கேட்டு அம்மா பதற வேண்டாம், அது நூடுல்ஸின் பெயர். பூலெத் என்ற உருண்டைகளிலும் பெரும்பாலும் மீனோ இறைச்சியோ இருக்கும். ரிசார்ட்டுக்கு முன்கூட்டியே மின்னஞ்சலில் "முட்டையும் மீனும் இல்லாத சைவம்" என்று விரித்து எழுதுங்கள். வெறும் சைவம் என்றால் பிரெஞ்சுச் சமையல்காரர் ஆம்லெட்டோடு வந்து நிற்பார்.

பாரிஸ்_தோசை:

நாங்கள் பாரிஸிலிருந்து நேராகப் போகிற ஆட்கள். குளிர் தாங்காமல் ஓடும் ஊர் அது. என் கருத்து கொஞ்சம் கசக்கும்: அந்த மூன்று டூரையும் விட்டுவிடுங்கள்.

இல் ஓ செர்ஃப் அழகுதான். ஆனால் எல்லா ஓட்டலும் எல்லாப் படகும் ஒரே நேரத்தில் அங்கேதான் ஆட்களைக் கொட்டுகின்றன. மதியம் கரையில் தீயில் வாட்டிய மீனும் கோழியும்தான் சாப்பாடு, உங்கள் அம்மாவுக்கு சாலட் இலை. படகில் ஏறி இறங்க முட்டிக்கு எவ்வளவு சிரமம் என்று யோசியுங்கள். பக்கத்துத் தீவுக்கும் அதற்கும் நடுவே ஓடும் வாய்க்காலில் நீரோட்டம் பலமாக இருக்கும், பையனை அங்கே விடாதீர்கள்.

அதற்குப் பதில் தென்கிழக்கே மஹேபூர் போங்கள். திங்கட்கிழமை சந்தை கூடும். பக்கத்தில் ப்ளூ பே கடல் பூங்கா, அடியில் கண்ணாடி வைத்த படகில் உட்கார்ந்தபடியே பவளமும் மீனும் பார்க்கலாம், பாட்டியும் பேத்தியும் ஒன்றாகப் பார்க்கக்கூடிய ஒரே கடல் காட்சி அதுதான். பையனுக்கு இல் ஓ ஸெக்ரெத். சின்னத் தீவு, காப்பகம், வழிகாட்டியோடுதான் நடக்க வேண்டும். கருங்காலி மரங்கள், ராட்சத ஆமைகள், ஒரு காலத்தில் பத்துப் பன்னிரண்டு என்ற அளவுக்குக் குறைந்துபோய் மீட்டெடுக்கப்பட்ட இளஞ்சிவப்புப் புறா. டோடோ பறவை வாழ்ந்து அழிந்துபோன ஊரில் அதைப் பார்க்கும்போது 9 வயதுப் பையன் கேட்கும் கேள்விகளுக்குத் தயாராகப் போங்கள். டோடோவின் எலும்புக்கூடு போர்ட் லூயி அருங்காட்சியகத்தில் இருக்கிறது.

மஹேபூரிலேயே 1870 முதல் மரவள்ளிக்கிழங்கு பிஸ்கட் செய்யும் ஒரு பழைய குடும்பத் தொழிற்சாலை இருக்கிறது. கிழங்கைத் துருவி, பிழிந்து, மாவாக்கி, காய்ந்த கரும்புத் தோகையை எரித்துச் சூடேற்றிய தட்டில் கையாலேயே பரப்பிச் சுடுகிறார்கள். வார நாள் காலையில் போனால் வேலை நடப்பதைப் பார்க்கலாம், முடிவில் தேநீரோடு சூடாகத் தருவார்கள்.

டால்ஃபினோடு நீந்தும் டூர் என்று தமாரான் பக்கம் காலையில் கூட்டிப்போவார்கள். நான் போக மாட்டேன், யாரையும் போகச் சொல்லவும் மாட்டேன். நாலு டால்ஃபினைச் சுற்றி இருபது படகு துரத்துவதைப் பிள்ளைகளுக்கு எதற்குக் காட்ட வேண்டும்.

சவுக்குத்தோப்பு:

டால்ஃபின் விஷயத்தில் பாரிஸ்_தோசை பக்கம்தான் நானும். இல் ஓ செர்ஃப் விஷயத்தில் இல்லை. காலை முதல் படகில் போய்ப் பதினொன்றரைக்குள் திரும்பினால் அது வேறு தீவு. ஆனால் மேற்குக் கரையில் தங்கிக்கொண்டு அதற்காகத் தீவைக் குறுக்கே கடப்பது வீண்தான், ஒத்துக்கொள்கிறேன்.

மலைக்கோட்டை77:

இவ்வளவு பதில் வரும் என்று நினைக்கவில்லை, நன்றி. கிழக்கை விட்டாயிற்று, ஃபிளிக் அன் ஃபிளாக் பக்கம் பார்க்கிறேன், ஹாஃப் போர்டு. அம்மா ஒரே கேள்வியைத் திரும்பத் திரும்பக் கேட்கிறார்: அங்கே முருகன் கோயில் இருக்கிறதாமே, அவர்கள் தமிழ் பேசுவார்களா?

முன்னாள்_எபென்:

கோயில் இருக்கிறது என்று சொன்னால் போதாது, ஊருக்கு ஊர் இருக்கிறது. தைப்பூசக் காவடி அங்கே அரசு விடுமுறை. பத்து நாள் விரதம், அலகு குத்திக்கொண்டு வருவது, எல்லாம் உண்டு. மே மாதத்தில் காவடி பார்க்க முடியாது. அதற்காகவே போக நினைப்பவர்கள் ஜனவரி கடைசி, பிப்ரவரி பார்த்துப் போக வேண்டும், அது புயலும் வெக்கையும் உள்ள காலம்.

காத்ர் போர்னில் கோர் தெ கார்த் மலைச் சரிவில் இருக்கும் முருகன் கோயில்தான் பேர்போனது, ஆனால் படி ஏற வேண்டும். அம்மாவின் முட்டிக்குப் போர்ட் லூயியில் உள்ள சொக்கலிங்கம் மீனாட்சி அம்மன் கோயில் நல்லது. கைலாசம் கோயில் என்றால் டாக்ஸிக்காரருக்குத் தெரியும். 19-ம் நூற்றாண்டுக் கோயில், சமதளத்தில் இருக்கிறது, கோபுரத்தைப் பார்த்ததும் எந்த ஊரில் இருக்கிறோம் என்று ஒரு நிமிடம் குழம்பும். அசைவம் சாப்பிட்ட நாளில் கோயிலுக்குள் போவதில்லை என்பதில் அங்கே ரொம்பக் கண்டிப்பு, நம்மைவிடக் கண்டிப்பு. ஆகவே கோயில் நாளை மீன் சாப்பிடும் நாளோடு சேர்த்துவிடாதீர்கள், அது உங்களுக்கும் மகனுக்கும்தான் சொல்கிறேன்.

பேச்சு என்றால், வீட்டுமொழி பிரெஞ்சிலிருந்து கிளைத்த கிரியோல். தமிழ் பள்ளியில் விருப்பப் பாடமாகப் படித்தவர்கள், குருக்கள், ஆசிரியர்கள் பேசுவார்கள். மற்றவர்களுக்குத் தேவாரம் தெரிந்திருக்கும், "சாப்பிட்டீங்களா" தெரியாது. ரோமன் எழுத்தில் அச்சடித்த பாட்டைக் கையில் வைத்துக்கொண்டு பிழையில்லாமல் பாடுவார்கள்.

அம்மாவிடம் ஒரு 100 ரூபாய் நோட்டைக் கொடுத்துப் படிக்கச் சொல்லுங்கள். மொரீசியஸ் நோட்டுகளில் தமிழ் எழுத்து இருக்கிறது, அதுவும் ஹிந்திக்கு மேலே. 1998-ல் மத்திய வங்கி புது நோட்டு அடித்தபோது வரிசையை மாற்றி ஹிந்தியை மேலே போட்டுவிட்டார்கள். தமிழர்கள் கிளப்பிய எதிர்ப்பில் அந்த நோட்டுகளையே திரும்பப் பெற வேண்டியதாகிவிட்டது. 100 ரூபாய் நோட்டில் இருக்கும் படமும் ஒரு தமிழ் வழிவந்த தலைவருடையது, ரங்கநாதன் சீனிவாசன், அங்கே எழுதுவது செனிவாசென் என்பதுபோல. அவர்களுடைய ஒரு ரூபாயின் மதிப்பு சுமார் இரண்டு இந்திய ரூபாய்.

வடபழனிவாசி:

தமிழே பேசாமல் நோட்டில் மட்டும் தமிழ் இருந்து என்ன பயன்? இது வெறும் அடையாள அரசியல்.

பாரிஸ்_தோசை:

வடபழனி சார், சென்னையில் உட்கார்ந்துகொண்டு சொல்வது சுலபம். 1730-களில் பிரெஞ்சுக்காரன் லா பூர்தொனே புதுச்சேரிப் பக்கமிருந்து கொத்தனார், தச்சர் என்று அழைத்துப்போனானே, போர்ட் லூயியைக் கட்டிய கைகளில் அவர்களுடையதும் உண்டு. ஏழெட்டுத் தலைமுறை. பக்கத்து வீட்டில் போஜ்புரி, கடையில் சீனம், முதலாளியிடம் பிரெஞ்சு, கோர்ட்டில் ஆங்கிலம், எல்லோருக்கும் பொதுவாகக் கிரியோல். அதில் மொழி போய்விட்டது, காவடி போகவில்லை. என் பிள்ளைகள் பாரிஸில் இரண்டாம் தலைமுறையிலேயே பிரெஞ்சில்தான் சண்டை போடுகிறார்கள், நான் யாரையும் குறை சொல்ல மாட்டேன்.

மலைக்கோட்டை, ஒரே ஒரு வேண்டுகோள். கோயிலில் எதிரில் வருபவரிடம் எல்லாம் தமிழ் தெரியுமா என்று பரீட்சை வைக்காதீர்கள். வணக்கம் சொல்லுங்கள், அது எல்லோருக்கும் தெரியும்.

வடபழனிவாசி:

நான் அவர்களைக் குறை சொல்லவில்லை, பயன் என்ன என்றுதான் கேட்டேன். சரி விடுங்கள், இழை திசைமாறுகிறது.

கோவைக்காரி:

திசை மாறவில்லை, அதே விஷயத்துக்காகத்தான் ஆப்ரவாசி காட் போகச் சொல்ல வந்தேன். இந்தியாவிலிருந்து கூலிகள் வந்து இறங்கிய பழைய துறை, போர்ட் லூயி துறைமுகத்தோரம். 1834-ல் பிரிட்டிஷ்காரர்கள் அடிமை முறைக்கு மாற்றாக ஒப்பந்தக் கூலிகளை முதலில் இங்கேதான் பெரிய அளவில் சோதித்துப் பார்த்தார்கள். அடுத்த 80, 90 வருடத்தில் நாலரை லட்சம் பேருக்கு மேல் வந்து இறங்கினார்கள், கல்கத்தா, சென்னை, பம்பாய் துறைமுகங்களிலிருந்து. கப்பலிலிருந்து இறங்கி ஏறிய கல்படிகள் அப்படியே இருக்கின்றன. சின்ன இடம், வளாகத்தின் பெரும்பகுதி போய்விட்டது, நெடுஞ்சாலையே அதன் வழியாகப் போகிறது. 2006-ல் யுனெஸ்கோ பட்டியலில் சேர்த்தார்கள். கட்டணம் கிடையாது.

பிரம்மாண்டத்தை எதிர்பார்த்துப் போகிறவர்கள் ஏமாறுவார்கள். பத்துப் பதினைந்து படி, ஒரு சமையற்கட்டின் மிச்சம், கழிப்பிடம், கொட்டகையின் சுவர். உள்ளே விளக்க மையத்தில்தான் நிற்க வேண்டும். ஒவ்வொரு ஆளுக்கும் ஒரு எண், ஊர், வயது, உடம்பில் உள்ள மச்சம், தழும்பு என்று பதிவு. பிறகு 1860-களிலிருந்து புகைப்படமும். கேமராவை முதல்முறையாகப் பார்க்கும் முகங்கள். என் பெண் ஒவ்வொரு ஊர்ப் பெயராகப் படித்துக்கொண்டே வந்தாள், "இது நம்ம பெரியப்பா ஊர் பக்கம்" என்றாள். 5 வயதுக் குழந்தைக்கு அங்கே ஒன்றும் இல்லை, அவளை அலூடாவோடு அம்மாவிடம் விட்டுவிட்டு நீங்கள் பையனோடு போங்கள்.

முடிந்தால் லெ மோர்ன் மலை அடிவாரத்தில் அடிமைகள் நினைவிடமும் பாருங்கள். தப்பியோடிய அடிமைகள் அந்த மலை உச்சியில்தான் ஒளிந்திருந்தார்கள். 2008-ல் அதுவும் யுனெஸ்கோ பட்டியலுக்கு வந்தது. ரெண்டையும் பார்த்தால்தான் அந்த ஊர்க் கரும்புக்காட்டின் கணக்கு முழுதாகப் புரியும்.

உப்புக்காற்று:

யாரும் செகா பற்றிச் சொல்லவில்லையே! ரிசார்ட்டில் வாரம் ஒரு இரவு செகா நடனம் வைப்பார்கள், பூப்போட்ட பாவாடை, மைக், கீபோர்டு. பிள்ளைகளை மேடைக்கு இழுப்பார்கள், ஆடட்டும். ஆனால் அது அலங்காரப் பதிப்பு. ஞாயிற்றுக்கிழமை மதியம் ஃபிளிக் அன் ஃபிளாக் பொதுக் கடற்கரைக்கு நடந்து போங்கள். சவுக்குத் தோப்பு நிழலில் பஸ் பஸ்ஸாக உள்ளூர்க் குடும்பங்கள் இறங்கும், பிரியாணி அண்டா, பிளாஸ்டிக் நாற்காலி, பாட்டி, கைக்குழந்தை எல்லாம் சேர்த்து. எங்கேயாவது ஒரு கூட்டம் ராவான் அடிக்கும். ஆட்டுத்தோல் போர்த்திய வட்டமான பெரிய பறை அது. தோல் தளர்ந்தால் நாலு சவுக்குச் சுள்ளியைக் கொளுத்தி அதன் மேல் காட்டி, விரலால் தட்டித் தட்டிக் கேட்டு, சரியானதும் மறுபடி உட்கார்ந்து தொடங்குவார்கள். கூடவே விதை போட்ட மராவான் பெட்டி சலசலக்கும், ஒரு முக்கோணக் கம்பி. கால் மணலை விட்டு எழும்பாமல் இடுப்பும் தோளுமாக ஆடுவார்கள். அடிமைகளாக வந்த ஆப்பிரிக்கர்களின் பாட்டு இது. 2014-ல் யுனெஸ்கோ இதையும் சேர்த்துக்கொண்டது.

தள்ளி நின்று படம் எடுக்காமல், பிள்ளைகளோடு பக்கத்தில் உட்கார்ந்தால் கட்டாயம் எதையாவது தின்னக் கொடுப்பார்கள். அசைவமாக இருக்கும், அம்மாவைக் காப்பாற்றுவது உங்கள் பொறுப்பு.

சவுக்குத்தோப்பு:

காகித வேலைகளையும் சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் கடைசி வாரம் வந்து கேட்பார்.

இந்தியப் பாஸ்போர்ட்டுக்கு முன்கூட்டி விசா வேண்டாம், இறங்கியதும் கட்டணமில்லாமல் தருகிறார்கள். திரும்பும் டிக்கெட், தங்குமிடப் பதிவு, செலவுக்குப் பணம் இருக்கிறது என்பதற்கு ஆதாரம், இவற்றை அச்செடுத்துக் கையில் வைத்துக்கொள்ளுங்கள். கிளம்பும் முன் இணையத்தில் ஒரு பயணப் படிவம் நிரப்ப வேண்டும். அரசுத் தளத்தில் அது இலவசம், காசு கேட்கும் தளம் வேறு யாரோ நடத்துவது. 2025 அக்டோபர் முதல் 12 வயதுக்கு மேற்பட்ட வெளிநாட்டவருக்கு ஓர் இரவுக்கு 3 யூரோ சுற்றுலாக் கட்டணம் வந்திருக்கிறது. உங்களில் பெரியவர்கள் மூன்று பேருக்கும் உண்டு, பிள்ளைகளுக்கு இல்லை. பேக்கேஜ் விலையில் சேர்ந்திருக்கிறதா என்று ஏஜென்டிடம் எழுத்தில் வாங்குங்கள்.

கறிவேப்பிலை, பழம், விதை, வெற்றிலை எதையும் பெட்டியில் வைக்காதீர்கள். கரும்பை நம்பி வாழும் தீவு, செடி கொடி விஷயத்தில் விளையாட மாட்டார்கள். அம்மாவின் முட்டிவலி மாத்திரைகளுக்கு மருத்துவர் சீட்டு கட்டாயம், டிராமடால், கோடீன் வகை இருந்தால் முன் அனுமதி தேவையா என்று இப்போதே விசாரியுங்கள், போதைப் பொருள் சட்டம் அங்கே கடுமை. கொசு மருந்து வேண்டும், டெங்கு, சிக்குன்குனியா இரண்டும் சமீப வருடங்களில் வந்திருக்கின்றன. பிளக் பிரிட்டிஷ் மூன்று முனையும் இருக்கும், ஐரோப்பிய இரண்டு முனையும் இருக்கும்.

மலைக்கோட்டை77:

கார் எடுத்து நானே ஓட்டலாமா? இடது பக்கம்தான் ஓட்டுகிறார்கள் என்று படித்தேன்.

முன்னாள்_எபென்:

ஓட்டலாம், ரவுண்டானா நிறைய, அதில் உள்ளே சுற்றுகிறவனுக்குத்தான் முதல் உரிமை என்பது நினைவிருந்தால் போதும். கிராமச் சாலைகள் ஒடுக்கம், ஓரத்தில் கரும்பு ஆள் உயரத்துக்கு நிற்கும், வளைவில் எதிரே வருவது தெரியாது. இருட்டியபின் ஓட்டாதீர்கள். குழந்தை இருக்கையைப் பதிவு செய்யும்போதே கேளுங்கள். ஆனால் ஐந்து பேர், முட்டி வலி, தூங்கும் குழந்தை என்றால் வெளியே போகும் நாட்களுக்கு மட்டும் ஒரு டாக்ஸியை முழு நாள் பேசிக்கொள்வது நிம்மதி. ரிசார்ட் வரவேற்பில் கேட்டால் ஒரு விலை, வாசலுக்கு வெளியே நிற்பவரிடம் கேட்டால் ஒரு விலை. எத்தனை மணி வரை, எந்தெந்த இடம் என்று முன்பே பேசிவிடுங்கள். துணிக்கடை, கப்பல் பொம்மைக் கடை என்று கூட்டிப்போனால் "வேண்டாம் அண்ணே" என்று முதல் கடையிலேயே சொல்லிவிட வேண்டும், இரண்டாவதில் சொன்னால் வருத்தப்படுவார்.

பையனுக்கு மெட்ரோ ரயில் காட்டுங்கள், போர்ட் லூயியிலிருந்து கியூர்பிப் வரை. நம்ம ஊர் எல் அண்ட் டி கட்டியது.

மலைக்கோட்டை77:

சரி, இதுவரை எடுத்த திட்டம் இது. மற்ற நாட்கள் முழுக்கக் கடல்.

ஞாயிறு: போர்ட் லூயி, சந்தை, ஆப்ரவாசி காட், கைலாசம் கோயில்.
செவ்வாய்: கங்கா தலாவ் ஏரிக் கோயில், ஷமரெல் ஏழு வண்ண மண், லெ மோர்ன்.
வியாழன்: மஹேபூர், ப்ளூ பே, பிஸ்கட், பாம்ப்ளமூஸ் தோட்டம்.

கோவைக்காரி:

ஞாயிற்றுக்கிழமை போர்ட் லூயியா! ஆப்ரவாசி காட் அன்று மூடல், சந்தை மதியத்தோடு முடியும், ஊரே காலியாக இருக்கும். ஞாயிறு உப்புக்காற்று சொன்ன கடற்கரைக்கு. போர்ட் லூயியை வியாழனில் வையுங்கள், காலை எட்டரைக்குள் போய்விடுங்கள், அதற்கு மேல் நெரிசல். பாம்ப்ளமூஸை அந்த நாளோடு சேர்த்துவிடுங்கள், போர்ட் லூயிக்கு வடக்கே பக்கம்தான். தாம்பாளம் தாம்பாளமாக மிதக்கும் ராட்சத அல்லி இலைகளை 5 வயதுக்காரி விடமாட்டாள். மதியமே ஏறிப் போய்விடுங்கள், நிழலான நடை, அம்மாவுக்கும் சிரமம் இல்லை.

பாரிஸ்_தோசை:

மஹேபூரைத் திங்களுக்கு மாற்றுங்கள், சந்தை அன்றுதான். பாம்ப்ளமூஸும் மஹேபூரும் ஒரே நாளில் என்று எழுதியிருக்கிறீர்களே, தீவின் இரண்டு முனை அது, வழியெல்லாம் பிள்ளைகள் வாந்திதான்.

செவ்வாய் நாள் சரியான வளையம். கங்கா தலாவ் உயரத்தில் இருக்கிறது, மேகம் இறங்கிவிட்டால் 108 அடி சிவன் சிலையின் தலை தெரியாது, அதனால் முதலில் அங்கே போங்கள், அம்மாவுக்கு ஒரு சால்வை. பிரசாதத்தைக் கையில் பிடித்துக்கொண்டு நிற்காதீர்கள், குரங்குகள் கோயில் ஆட்களைவிடச் சுறுசுறுப்பு. பிறகு பிளாக் ரிவர் பள்ளத்தாக்கு பார்வையிடத்தில் கால் மணி நேரம், அப்படியே இறங்கி ஷமரெல். மண்மேல் நடக்க விடமாட்டார்கள், மர மேடையிலிருந்துதான் பார்க்க வேண்டும். எரிமலைக் கல் மக்கி, இரும்பு ஒரு பக்கம் அலுமினியம் ஒரு பக்கம் என்று பிரிந்த நிறங்கள் அவை. பிள்ளைகள் இரண்டு நிமிடம் பார்த்துவிட்டுப் பக்கத்துக் கொட்டிலில் இருக்கும் ராட்சத ஆமைகளிடம் ஓடிவிடுவார்கள்.

மலைக்கோட்டை77:

மாற்றிவிட்டேன். ஞாயிறு கடற்கரை, திங்கள் மஹேபூர், செவ்வாய் மலை, வியாழன் போர்ட் லூயியும் தோட்டமும். ஏஜென்டிடம் மூன்று டூரையும் எடுத்துவிடச் சொன்னேன், "அப்போ அங்கே போய் என்ன சார் பண்ணுவீங்க?" என்கிறார். அம்மா தால் பூரியில் வெங்காயம் இருக்குமா என்று கேட்கச் சொன்னார், திங்கட்கிழமை சாப்பிட மாட்டாராம்.

தயிர்சாதம்:

ருகாயில் வெங்காயமும் பூண்டும் இரண்டும் இருக்கும், மொச்சைக் குழம்பிலும் இருக்கும். திங்கள் அன்று வெறும் பூரியை மட்டும் வாங்கி, வாழைப்பழத்தோடு கொடுங்கள். "ஸான் ருகாய், ஸான் காரி" என்று சொன்னால் கடைக்காரர் ஒரு மாதிரி பார்ப்பார், ஆனால் கொடுத்துவிடுவார்.